காற்றுக்கு நிற்கிற தோட்டா

என் மகனுக்கு முயல் சுட ஒரு தோட்டா வேண்டும். எந்தத் தோட்டா என்று முடிவு செய்ய நானும் அவனும் போன விஷுவிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நாங்கள் இத்தனை பேசவில்லை. அப்போது நான் பேசியது ஒரே வார்த்தை. அந்தச் ‘சரி’யையும் அவன் அம்மாவிடம்தான் சொன்னேன்.

மகன் பெயர் கோகுல்நாத். ஆஸ்திரேலியாவில் மில்துரா என்கிற ஊரில் ஒரு பாதாம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு அவனுக்கு. என் பெயர் குப்பண்ணன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், இரண்டு எட்டு வைத்தால் தமிழ்நாடு என்கிற இடத்தில், கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல், ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இவற்றோடு இருக்கிறேன். பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றியைச் சுட பஞ்சாயத்தில் லைசென்ஸ்காரர்கள் சிலரை நியமித்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். பன்றி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பன்றி வராத மாதங்களில் ஊரில் யாருக்கும் என் ஞாபகம் வராது. அந்த மாதங்களில் என் போன் அடித்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், கூப்பிடுவது கோகுலாக இருக்கும்.

எங்கள் பக்கம் அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. சண்டை என்று எதுவும் கிடையாது. மகனுக்கு மீசை முளைத்ததும் அப்பன் வாய் தானாக அடங்கிவிடும், அவ்வளவுதான். நடுவில் அம்மாக்காரி இருந்து இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோவாள். என் வீட்டிலும் முத்தாத்தாள்தான் கொண்டுபோனாள். ஆஸ்திரேலியாவிலிருந்து அவன் கூப்பிட்டால் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அப்பா இங்கதாஞ் சாமி இருக்கறாரு” என்பாள். நான் தொண்டையைச் செருமுவேன். அது அவனுக்குக் கேட்கும். அத்தோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும், இரண்டு பேருக்கும் திருப்திதான்.

அந்த விஷுவுக்கு முந்தின ஐப்பசியில் முத்தாத்தாள் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மகன் வந்தான், காரியம் செய்தான், மொட்டைத் தலையோடு விமானம் ஏறினான். போகும்போது, “வர்றனுங்ப்பா” என்றான். “செரி” என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டான். இங்கே வெயில் தாழ்கிற நேரம், அங்கே இருட்டியிருக்கும்.

“சாப்டீங்களாங்ப்பா?”

“ஆச்சு.”

“மழைங்களா?”

“இல்ல.”

“மாடு கண்ணெல்லாம் நல்லாருக்குதுங்களா?”

“இருக்குது.”

பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்போம். அந்த முனையில் அவன் மூச்சு கேட்கும். நானும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் அவன்தான், “செரிங்ப்பா, வெக்கட்டுங்களா?” என்பான். வைத்ததும் எனக்கு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். கூப்பிடாமலே இருந்தால் தேவலை என்று தோன்றும். கூப்பிடாமல் விட்டுவிடுவானோ என்று அடுத்த நிமிஷம் பயமாகவும் இருக்கும்.

இப்படியே ஐந்தாறு மாதம் ஓடியது. விஷு கழிந்த ஞாயிறு, மாடு கண்ணுக்கு அப்புறம் அவன் போனை வைக்கவில்லை. “ஏனுங்ப்பா, முயல் சுடறதுக்கு எந்தத் தோட்டாங்க நல்லது?” என்று கேட்டான்.

நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கேட்பது இவன்தானா என்று ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டேன். இவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் ஒரு பன்றியைச் சுட்டு, அது வரப்பில் கிடந்து காலை உதைத்ததைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்தவன். அதற்குப் பிறகு துப்பாக்கி மாட்டியிருந்த அறைக்குள் படுக்க மாட்டேன் என்றான். முத்தாத்தாள் அதை எடுத்து நெல் போடுகிற அறையில் ஆணி அடித்து மாட்டினாள். “இவனெல்லாம் ஒரு ஆம்பளையா” என்று நான் அவளிடம் சொன்னேன். அதை மட்டும் அவள் அவனிடம் கொண்டுபோகவில்லை என்று நினைக்கிறேன்.

“என்ன, இப்பத்தான் புத்தி வந்துச்சா?” என்று கேட்டேன்.

“தோட்டத்துல முயல் தொல்லைங்ப்பா. சின்னக் கன்னுகளோட பட்டையைக் கடிச்சுருது. சுத்தி வளைச்சுக் கடிச்சுட்டா கன்னு காஞ்சே போயிருமுங். இங்க லைசென்ஸ் எடுத்துட்டாச் சுடலாமுங்.”

“கடைல என்ன தோட்டா கெடைக்குது?”

“கடைல கெடைக்கறது வேண்டாமுன்னு பாக்கறனுங். வைல்ட்கேட்டுனு ஒண்ணு இருக்குதுங்ப்பா.”

வைல்ட்கேட் என்றால் காட்டுப்பூனை. ஏன் அந்தப் பெயர் என்று அவனுக்கும் தெரியவில்லை. கம்பெனிக்காரன் செய்து பெட்டியில் போட்டு விற்காத தோட்டா அது. வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை இன்னும் ஒடுக்கி, பென்சிலைவிட மெலிந்த ஒரு குண்டை அதில் மாட்டுவார்களாம். அண்ணன் சட்டையைப் பிடித்துத் தம்பிக்குத் தைப்பது மாதிரி. பெரிய கூட்டில் அடைத்த வெடிமருந்து சின்னக் குண்டைத் தள்ளுவதால் அது அசுர வேகத்தில் போகும். அந்தத் தோட்டாவுக்கென்றே துப்பாக்கிக் குழலைத் தனியாகக் கடைந்துகொள்ள வேண்டும். கடைந்த பிறகு மாற்ற முடியாது என்பதால் முதலிலேயே நன்றாக யோசிக்க வேண்டும் என்றான்.

நம் ஊரில் இதெல்லாம் நினைத்துப் பார்க்கிற காரியமா? தோட்டா வாங்கினால் ஒரு கேள்வி, சுட்டால் ஒரு கேள்வி. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் துப்பாக்கிக்குப் போடுகிற பன்னிரண்டு போர் தோட்டா. பன்றிக்குப் பெரிய குண்டு போட்ட எல்.ஜி., அதை விட்டால் ஒற்றைக்குண்டு. இரண்டில் எது என்பதற்கே எங்கள் லைசென்ஸ்காரர்களுக்குள் வருஷக்கணக்கில் வம்பு நடக்கிறது. அப்படிப்பட்ட என்னிடம் ஒருவன் வந்து பதினேழா, இருபதா, இருபத்திரண்டா என்று கேட்டால் விடுவேனா? அன்றைக்குத் துணி உலர்த்திய கயிற்றில் இருட்டு விழுகிற வரைக்கும் பேசினோம்.

பதினேழு, இருபது என்பதெல்லாம் குண்டின் பருமன். எண் சின்னதானால் குண்டும் சின்னது. அவனுக்கு முதலில் பதினேழில்தான் ஆசை. தோளில் இடிக்காது, அவ்வளவு தூரத்துக்கும் கோடு போட்டது மாதிரி நேராகப் போகும் என்றான். ஆனி மாதம் முடிகிற வரை அந்தப் பதினேழிலேயே நின்றோம். ஏறக்குறைய முடிவாகிவிட்டது. குழல் கடைகிறவரிடம் பேசிவிடட்டுமா என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தோட்டா முடிவாகிவிட்டால் அப்புறம் அவன் என்ன பேசுவான்? மழைங்களா, மாடு கண்ணெல்லாம் நல்லாருக்குதுங்களா, வெக்கட்டுங்களா. மறுபடியும் அந்த மூச்சுச் சத்தத்துக்குப் போக எனக்குத் தெம்பு இல்லை. அதனால் முடிவாகாமல் பார்த்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தேன்.

“காத்து?” என்று கேட்டேன்.

“என்னங்ப்பா?”

“பதினேழு அத்தனை சின்னக் குண்டு. காத்துல நிக்குமா?”

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர் வழியாகத்தான் கோயமுத்தூருக்குப் போகிறது. ஆடியில் தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடக்கும். நான் எழுந்து களத்துக்குப் போய், போனைத் தூக்கிக் காற்றில் பிடித்தேன். “கேக்குதா?” என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

“கேக்குதுங்ப்பா” என்றான். “இன்னுங் கொஞ்ச நேரங் காட்டுங்ப்பா.”

காற்றின் வேகத்தை அளக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, கை கடுக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பதினேழு ஒழிந்தது.

அதற்குப் பிறகு நானும் தொழிலில் இறங்கிவிட்டேன். போனில் வெள்ளைக்காரர்கள் துப்பாக்கி பற்றிப் பேசுகிற வீடியோக்களைப் பார்த்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்து வாராவாரம் ஒரு சந்தேகம் தயார் செய்தேன். அவன் இருபத்திரண்டு என்றால், “அத்தனை சத்தம் எதுக்கு, பக்கத்துல ஊடுக இல்லையா?” என்பேன். இருபது என்றால், “அந்தக் குண்டு நாளைக்குக் கெடைக்காமப் போனா என்ன பண்ணுவே?” என்பேன். குண்டு தரையில் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று ஒரு வாரம். பட்டதும் அது பொடியாகிவிடும் என்று அவன் விளக்க இன்னொரு வாரம். எந்தக் கூட்டைக் கழுத்து ஒடுக்குவது என்பதிலேயே புரட்டாசி போனது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வியாழக்கிழமையே சந்தேகம் தயாராகிவிட்டால் வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒருநாள் அவன் சொன்னான்: “இருபதுல ஒரு வசதிங்ப்பா. ஒதை கம்மிங்கறதால, சுட்டது விழறதைத் துப்பாக்கி மேல இருக்கற லென்சுலயே பாக்கலாமுங்.”

“விழறதை என்னத்துக்குப் பாக்கோணும்?” என்றேன். இது சந்தேகத்துக்காகக் கேட்டதில்லை. நான் சுட்டதும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

“நானும் அதைத்தானுங்ப்பா யோசிச்சேன்” என்றான்.

கார்த்திகையில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். அது எப்போதும் உள்ளதுதான். கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நெல் அறையில் ஆணி மட்டும் இருந்தது. அந்த அறைக்குள் ஒரு காரியமும் இல்லாமல் போய்ப் போய் நின்றேன். ஒரு இரும்புக் குழல் இல்லாததற்கு இந்தப் பாடா என்று எனக்கே எரிச்சலாக வந்தது. வீட்டில் என்னோடு இருந்த பழைய ஆள் அது ஒன்றுதானே என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் இல்லாவிட்டால் அந்த மாதத்தை நான் எப்படித் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை.

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிற செய்தி பன்றிக்கு எப்படித் தெரிந்ததோ, அந்தச் சமயம் பார்த்துத்தான் கோபிநாத்தின் கடலைக் காட்டுக்குள் இறங்கியது. கோபிநாத் எனக்கு இரண்டு காடு தள்ளி விவசாயம் பார்க்கிறவன், என் மகன் வயதுதான். பன்றியைச் சுடச் சொல்லிப் பஞ்சாயத்தில் அபேட்சை மனு கொடுத்தான். சுடுவதற்கு உத்தரவு தர வேண்டிய தலைவர் இன்னும் பதவி ஏற்கவில்லை. அவர் ஏற்றபோது துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனை விட்டு வரவில்லை. அது வந்தபோது உத்தரவில் கையெழுத்து விழவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாரும் அவரவர் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். எல்லாம் சரியாகி நான் அந்தக் காட்டில் போய் உட்கார்ந்தபோது தை பிறந்துவிட்டது.

பொழுது சாய்கிற வேளைக்கே பன்றி வந்தது. பழகிப்போன தைரியம். ஒற்றைக்குண்டு போட்டிருந்தேன். ஒரே வெடிதான். கண்ணை மூடித் திறந்தேன், கிடந்தது. மெம்பர் வந்தார், போட்டோ எடுத்தார்கள், குழி வெட்டிப் போட்டு, யாரும் தோண்டித் தின்றுவிடக் கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார்கள். காரியம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். என்னோடு கோபிநாத் மட்டும் நின்றான். காடு முழுக்கக் கிளறிப் போட்டிருந்தது. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தான், அடியில் வெறும் வேர்.

“நல்ல குறிதானுங்ண்ணா” என்றான். “ஆனா இனிச் சுட்டு என்ன பண்றதுங்? தின்னு முடிச்சுட்டுதுங்களே. சுடலாம், சுட வேண்டாமுன்னு ஒரு முடிவை அப்பவே சொல்லியிருந்தா நான் ராப்பகலா காவலாச்சும் இருந்திருப்பனுங்.”

அவன் என்னைக் குத்திக் காட்டவில்லை, பொதுவாகத்தான் சொன்னான். எனக்கு ஆனால் அது நேராக வந்து பட்டது. விஷுவிலிருந்து தை வரைக்கும் என் மகன் ஒரு தோட்டாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். அங்கே முயல் எத்தனை கன்றைச் சுற்றி வளைத்துக் கடித்ததோ? பொறுப்பாளன் இவன்தான், முதலாளி இவனைத்தானே கேட்பான்? எனக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடுகிற அப்பன் உண்டா? துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் முத்தாத்தாள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவள் திட்டியதில் ஒரு சொல்கூட அநியாயம் இல்லை.

அந்த ஞாயிறு கோகுல் கூப்பிட்டான். சாப்பாடும் மழையும் முடிந்து, ஒரு புதுக் கூட்டைப் பற்றி ஆரம்பித்தான். நான் குறுக்கே விழுந்தேன்.

“கண்ணு, போதும். இருபதே எடுத்துக்க.”

“ஏனுங்ப்பா?”

“காத்துக்கும் ஓரளவு நிக்கும், சத்தமும் கம்மி. இருபத்திரண்டோட கூட்டை ஒடுக்குனாப் போதும்னு நீதான சொன்னே. அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. நாளைக்கே குழலைக் கடையச் சொல்லீரு. ரொம்ப நாளை ஓட்டீட்டோம்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“குண்டு கெடைக்காமப் போனாங்க?” என்று கேட்டான். என்னுடைய பழைய சந்தேகத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.

“அதெல்லாங் கெடைக்கும். மொத்தமா வாங்கி வெச்சுக்க.”

“செரிங்ப்பா” என்றான். பிறகு, “வெக்கட்டுங்களா?” என்றான்.

வைத்துவிட்டேன். நல்ல காரியம் செய்தவனுக்கு மனது லேசாக இருக்கும் என்பார்கள். எனக்குக் கையில் இருந்ததை நானே கிணற்றில் போட்டுவிட்டு வந்தது மாதிரி இருந்தது. பரவாயில்லை, பிள்ளைக்கு வேலை ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டான். சாப்டீங்களா, ஆச்சு. மழைங்களா, இல்ல. தை மாதத்தில் எங்கிருந்து மழை வரும்? “கொழல் கடையக் குடுத்தாச்சா?” என்று கேட்டேன். “குடுக்கோணுமுங்” என்றான். பிறகு அந்த மூச்சுச் சத்தம். அதற்கு அடுத்த ஞாயிறு போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்தது, தென்னை நிழல் வீட்டைத் தாண்டிப் போனது, போன் அடிக்கவில்லை. வேலை அதிகம், அடுத்த வாரம் கூப்பிடுகிறேன் என்று ஒரு மெசேஜ் வந்தது. நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. தோட்டா முடிந்தது, பேச்சும் முடிந்தது. கோபப்படக்கூட வழி இல்லை, முடித்துவைத்தவனே நான்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மருமகள் பிரதீபா. அவள் தனியாக என்னைக் கூப்பிட்டதே கிடையாது. கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

“மாமா, நான் பிரதீபாங். வேலை எடத்துல இருந்து கூப்படறனுங். நாங் கூப்பிட்டேன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்.”

“என்னாச்சும்மா? அவனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

“அதெல்லாம் இல்லீங் மாமா.” தயங்கினாள். “ஏனுங் மாமா முடிச்சுட்டீங்?”

“என்னத்தை?”

“தோட்டாவைத்தானுங்.”

எனக்கு விளங்கவில்லை. முயல் தொல்லை, கன்று காய்கிறது, பாவம் என்றுதான் முடித்தேன் என்றேன்.

“முயலெல்லாம் தொந்தரவே இல்லீங் மாமா. கன்னுக்கெல்லாம் பிளாஸ்டிக் கொழாய் மாட்டியிருக்குதுங், முயல் தொடவே தொடாது. இவருக்கு லைசென்சும் இல்ல, துப்பாக்கியும் இல்லீங். எடுக்கவும் மாட்டாருங். ரோட்டுல அடிபட்ட முயலைப் பாத்தாலே வண்டிய நிறுத்தீட்டு அக்கட்டப் போயி நின்னுக்குவாருங். அத்தை போனதுக்கப்பறம் உங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியலீன்னு தெனமும் பொலம்புவாருங். துப்பாக்கின்னாத்தான் அப்பா பேசுவாருன்னு இவராத்தான் கண்டுபுடிச்சாருங். கடைல விக்கற தோட்டாவக் கேட்டா ஒரே நாள்ல சொல்லி முடிச்சுருவீங்கன்னு, முடியவே முடியாத ஒண்ணா தேடி எடுத்தாருங். சனிக்கெழமையானா பரீட்சைக்குப் படிக்கற மாதிரி உக்காந்து படிப்பாருங் மாமா, ஞாயித்துக்கெழமை உங்ககிட்டக் கேக்கறதுக்கு. இப்ப ரெண்டு வாரமா போனைக் கையில வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறாருங். என்னன்னு கூப்படறதுன்னு கேக்கறாருங்.”

தவிட்டுக் கை காய்ந்துபோய் விரல் ஒட்டிக்கொண்டது. மாடு தொட்டியை முட்டியது. சரிம்மா, வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெத்த அப்பனை இத்தனை மாதம் ஏமாற்றியிருக்கிறான். நான் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சந்தேகம் தயாரிக்க, அந்தப் பக்கம் அவன் விடிய விடியப் படித்துச் சந்தேகம் தயாரித்திருக்கிறான். அவனை நான் இழுத்தடிப்பதாக நினைத்தேனே, அவன் அல்லவா என்னை இழுத்தடித்திருக்கிறான். இரண்டு முழு ஆண்பிள்ளைகள், இல்லாத துப்பாக்கிக்குத் தோட்டா தேடியிருக்கிறோம். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. முத்தாத்தாள் போனபோதுகூட ஊரார் முன்னால் அழாதவன் நான். மாடு மட்டும்தான் இருந்தது, அழுதேன்.

துப்பாக்கியைக் கண்டால் காய்ச்சல் வருகிற பிள்ளை. என்னோடு பேசுவதற்காக வேறு எதையாவது தேடியிருக்கலாம். ஆனால் அதைத் தவிர வேறு எந்த வாசலையும் நான் திறந்து வைக்கவில்லையே.

மத்தியானம் சாப்பிட்டேன், பேருக்குத்தான். அங்கே இப்போது சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானாக அவனுக்குப் போன் போட்டது இதுவரை கிடையாது. அவன் முகம் தெரிகிற வட்டத்தை அழுத்திவிட்டு, பெரிய மனுஷரைப் பார்க்கப் போனவன் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். “ஏனுங்ப்பா, ஒடம்புக்கு என்னங்?” குரலில் பதற்றம்.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கொழல் கடையக் குடுத்துட்டியா?”

“இல்லீங்ப்பா. இன்னும்…”

“குடுத்துராத. அந்த இருபது நமக்கு ஆகாது கண்ணு. அன்னைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லீட்டேன்.”

அவன் மூச்சு கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தமும் கேட்டது.

“ஏனுங்ப்பா, இருபதுக்கு என்னங்?” என்றான்.

“காத்துதான். நான் இங்கத்துக் காத்தை வெச்சே உனக்குக் கணக்குச் சொல்லீட்டு இருந்திருக்கறேன். உங்கூர்ல காத்து எப்புடி அடிக்கும், எந்தப் பக்கமிருந்து வரும், ஒண்ணுந் தெரியாது எனக்கு. நீ போயி இத்தனை வருசமாச்சு, ஒருநாளும் நாங் கேட்டதில்ல. மொதல்ல அதைச் சொல்லு.”

கதவு திறக்கிற சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் நடந்து போனான். பிறகு, “இருங்ப்பா, போனைத் தூக்கிப் புடிக்கறேன்” என்றான்.

சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. பாதாம் இலையாக இருக்கும். எங்கள் காற்று மாதிரி ஆளைத் தள்ளுகிற காற்று இல்லை, ஆனால் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் பெயர் தெரியாத ஏதோ பறவை கத்தியது. எங்கோ தண்ணீர் பாய்ந்தது, அது அவன் பாய்ச்சிய தண்ணீராக இருக்கலாம்.

“கேக்குதுங்களாங்ப்பா?” என்று தூரத்திலிருந்து அவன் குரல் வந்தது.

“கேக்குது” என்றேன். “இன்னுங் கொஞ்ச நேரங் காட்டு கண்ணு.”